காத்திருத்தலும் காலங்கடத்துதலும்

போருக்குப் புறப்படும் அரசன் வலிமை, இடம், காலம் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். பகலில் காகம் ஆந்தையை வெல்லும். இரவிலோ ஆந்தை காகத்தை வெல்லும். காலமே பெரிது என்போர் காட்டும் உவமை இது. திருவள்ளுவரும் 'காலமறிதல்' அதிகாரத்தைக் காகத்தையும் ஆந்தையையும் காட்டியே தொடங்குகிறார். ஆனால் கௌடில்யர் காலத்தை மட்டும் உயர்த்தவில்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று துணை என்பதே அவரது முடிவு.

இதன் உண்மையை அண்மைக்கால வரலாறு ஒன்று விளக்குகிறது. 1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ அடக்குமுறை தொடங்கியது. அகதிகள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்தனர். உடனே படையெடுக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. தரைப்படைத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா அதற்கு இசையவில்லை. பருவமழையில் அந்நிலத்தின் ஆறுகள் கடல்போல் விரியும், படைகள் முன்னேற இயலாது. இமயக் கணவாய்கள் திறந்திருக்கும்வரை சீன எல்லையிலும் கவனம் தேவை. இவற்றை ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தியிடம் எடுத்துரைத்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்தக் காத்திருப்பு எளிதாக இருக்கவில்லை. அகதிகளின் எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியது. முகாம்களில் காலரா பரவியது. தாமதத்தின் விலையைத் துன்புற்ற மக்களே கொடுத்தனர். அம்மாதங்கள் வீணாகியிருந்தால் அது விவேகம் அன்று, குற்றமே. ஆனால் அவை வீணாகவில்லை. படைகள் ஆயத்தமாயின, முக்தி வாகினி பயிற்சி பெற்றது, ஆகஸ்ட் 9-இல் சோவியத் யூனியனுடன் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவின் மேற்குப் பகுதி விமானத் தளங்களைத் தாக்கின, போர் மூண்டது. அப்போது கிழக்கே வெள்ளம் வடிந்திருந்தது. வடக்கே பனிக்காலம் தொடங்கியிருந்தது. இனி காத்திருக்கக் காரணம் இல்லை. மேக்னா ஆற்றின் பாலம் தகர்க்கப்பட்டபோதும் படைகள் நின்றுவிடவில்லை. டிசம்பர் 9 முதல் வீரர்கள் ஹெலிகாப்டர்களில் ஆற்றைக் கடந்தனர். டிசம்பர் 16 அன்று டாக்காவில் எதிர்ப்படை சரணடைந்தது. சிறைப்பட்டோர் சுமார் 93,000 பேர்.

காத்திருப்பவனும் காலங்கடத்துபவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவர். இருவருமே 'இன்று வேண்டாம்' என்கின்றனர். முன்னவன் அந்த இடைவேளையில் தன்னைத் தகுதிப்படுத்திக் கொள்கிறான். நேரம் வந்ததும் தயங்குவதில்லை. பின்னவனுக்கோ எந்த நாளும் உரிய நாளாகத் தோன்றுவதே இல்லை. ஒரு செயலைத் தள்ளி வைக்கும்போது தாம் இவ்விருவருள் யார் என்பதை ஒவ்வொருவரும் நேர்மையுடன் எண்ணிப் பார்ப்பது நன்று.