செரங்கெட்டியில் நூக்களின் நெடும்பயணம்

கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா என்றொரு நாடு உண்டு. அந்நாட்டின் வடபகுதியில் அமைந்திருப்பது செரங்கெட்டி வனவிலங்குக் காப்பகம். 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 14,763 சதுர கிலோமீட்டர். நம் சிலாங்கூர் மாநிலத்தைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அங்கே ஆண்டுதோறும் நிகழும் விலங்குகளின் இடப்பெயர்ச்சியைக் காண, நாமும் இவ்வேட்டின் வழியே ஒருமுறை சென்று வருவோம்.

இப்பயணத்தில் முதன்மை பெறுவது நூ என்னும் விலங்கு. எருமையை ஒத்த கொம்பும், குதிரையை ஒத்த வாலும், ஆட்டை ஒத்த தாடியும் அதற்கு உண்டு. ஆயினும் அது இரலை மான் இனத்தைச் சேர்ந்தது. பதின்மூன்று இலட்சம் அளவிலான நூக்களும், அவற்றுடன் வரிக்குதிரைகளும் சிறுமான்களும் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுதும் நடக்கின்றன.

சனவரி இறுதி முதல் மார்ச்சு வரை அவை தெற்கிலுள்ள குறும்புல் சமவெளியில் தங்கும். அருகிலுள்ள எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்த மண் அது. அங்கு முளைக்கும் புல்லில் சுண்ணச் சத்து மிகுதி. பாலூட்டும் தாய்க்கு அதுவே தேவை. பெரும்பாலான கன்றுகள் மூன்று வார காலத்திற்குள் பிறந்துவிடுகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்றாலும் அத்தனையையும் தின்று தீர்க்க இயலாதன்றோ? பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து நிற்கும். அன்றே தாயுடன் ஓடும்.

மழை ஓய்ந்து சமவெளி காய்ந்ததும் கூட்டம் வடமேற்காக நகர்ந்து, சூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடந்து கென்யாவின் மாசாய் மாராவுக்குச் செல்லும்; சில வேளைகளில் மீண்டும் ஆற்றைக் கடந்து திரும்பும். முதலைகள் காத்துக் கிடக்கும் அந்த ஆற்றுக் காட்சியையே படங்கள் ஓயாது காட்டுகின்றன. முதலைக்கு இரையாவதைவிட வெள்ளத்திலும் நெரிசலிலும் மடிவனவே மிகுதி. ஆண்டுக்குச் சராசரி 6,000க்கு மேல் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவ்வெலும்புகள் பல ஆண்டுகள் கரைந்து ஆற்று மீன்களுக்கு உரமூட்டுகின்றன.

இனி நாம் கூறுவதைப் படங்கள் அவ்வளவாகக் காட்டுவதில்லை. மாடு வளர்க்கும் பெற்றோர் இதனை ஊன்றிப் படித்தல் நலம். 1890ஆம் ஆண்டையொட்டி வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவில் புகுந்தது. வாய் புண்ணாகி, கழிச்சல் கண்டு, சில நாளில் மாடு மடியும். பத்தில் ஒன்பது மாடுகள் மாண்டன என்பர். மாட்டையே நம்பி வாழ்ந்த மாசாய் மக்கள் பட்டினியால் மடிந்தனர். நூக்களும் காட்டெருமைகளும் தப்பவில்லை. அதன் பின்னும் எழுபது ஆண்டுகள் அந்நோய் நூக் கன்றுகளை ஆண்டுதோறும் வாரிக்கொண்டு போயிற்று.

கென்யாவில் பணிபுரிந்த வால்டர் பிளௌரைட் என்னும் கால்நடை அறிஞர் மலிவான, உறுதியான தடுப்பூசியொன்றை உருவாக்கினார். ஊசி போடப்பட்டது ஊர் மாடுகளுக்கு மட்டுமே. ஒரு நூவுக்கும் போடவில்லை. இருந்தும் 1960களில் நூக்களிடையேயும் நோய் மறைந்தது! விலங்குகளே நோயின் ஊற்று என்று எண்ணியிருந்தோர் பலர். உண்மையில் மாடுகளிடமிருந்தே அது காட்டுக்குப் பரவியிருந்தது. 1961இல் ஏறத்தாழ 260,000 ஆக இருந்த நூக்கள் 1977இல் 1,300,000ஐத் தாண்டின. அவை புல்லை மேய்ந்து குறைக்கவே காட்டுத்தீ குறைந்தது. தீயில் கருகி வந்த மரக்கன்றுகள் தழைத்தன. 2011ஆம் ஆண்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாம் நோய் இதுவே.

மற்றொன்றையும் கூறாமல் விடுவது நியாயமன்று. அச்சமவெளியில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த மாசாய் மக்கள் 1959இல் பூங்காவை விட்டு வெளியேற்றப்பட்டுப் பக்கத்திலுள்ள கொரோங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டனர். எந்த மாடுகளுக்கு ஊசி போட்டதால் நூக்கள் பிழைத்தனவோ, அந்த மாடுகளுக்குப் பூங்காவினுள் இன்று மேய்ச்சல் இல்லை.

நவம்பரில் தெற்கே மேகம் திரளும். எவரும் ஏவாமலே கூட்டம் அத்திசை திரும்பும். அப்பொழுது பெண் நூக்களுள் பெரும்பாலானவை சினையாக இருக்கும்.