கையைக் கட்டிக்கொண்டு உதவுவது எப்படி?

நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஸ்பெல்லிங் பீ தெரியும், கணக்குப் போட்டிகள் தெரியும். இந்த மாநிலத்திலேயே பிறந்த ‘ஒடிஸி ஆஃப் தி மைண்ட்’ பற்றி அவ்வளவாகத் தெரியாது. கிளாஸ்பரோ ஸ்டேட் கல்லூரியில் (இன்றைய ரோவன் பல்கலைக்கழகம்) தொழில் வடிவமைப்பு கற்பித்த சாம் மிக்லஸ், சக்கரமில்லாத வண்டி செய்யச் சொல்வது போன்ற வேலைகளைத் தம் மாணவர்களுக்குக் கொடுப்பார். அதிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்தப் போட்டி உருவாகி, 1978இல் முதல்முறையாக நடந்தது. என் மகளின் நடுநிலைப் பள்ளிக் குழுவுக்கு நான் பயிற்றுநராக இருக்கிறேன். பள்ளி தரும் வேலையல்ல இது. பெற்றோரோ ஆசிரியரோ விரும்பி ஏற்பது.

ஒரு குழுவில் ஏழு பேர் வரை இருக்கலாம். வண்டி, இயந்திரம், கட்டமைப்பு, நாடகம் என்று பல வகையில் தரப்படும் சிக்கல்களில் ஒன்றைத் தேர்ந்து, மாதக்கணக்கில் உழைத்து, மேடையில் எட்டு நிமிடத்தில் தீர்வைக் காட்ட வேண்டும். அதற்கு 200 புள்ளி. நேர்த்திக்கு 50. அன்றைக்கே மூடிய அறையில் கொடுக்கப்படும் திடீர்ச் சிக்கலுக்கு 100.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: தீர்வில் இருக்கும் ஒவ்வொரு யோசனையும், ஒவ்வொரு வெட்டும், ஒவ்வொரு தையலும் பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும். வேறு யார் கை பட்டாலும் அது வெளியுதவி; புள்ளி குறையும். ஆனால் திறனைக் கற்பிக்கலாம். ஒரு துண்டுத் துணியில் தையல் போடச் சொல்லிக்கொடுக்கலாம். மேடை உடையைப் பிள்ளைதான் தைக்க வேண்டும். ரம்பம் பிடிக்கக் கற்றுத்தரலாம். எதை அறுப்பது என்று சொல்லக்கூடாது. கேட்ட பொருளைக் கடையில் வாங்கித் தரலாம். என்ன வாங்கலாம் என்று யோசனை சொல்லக்கூடாது.

நம் வீடுகளில் இது எளிதல்ல. பிள்ளையின் அறிவியல் கண்காட்சி மாதிரியை அப்பா இரவு விழித்திருந்து ஒட்டுவதைப் பாசம் என்றே நாம் பழகியிருக்கிறோம். அதனால் முதல் கூட்டத்துக்குப் பெற்றோரையும் வரவழைத்து, விதியை அவர்கள் முன்னாலேயே வாசித்துவிடுகிறேன். “கோணலா இருக்கே, நான் கொஞ்சம் சரி பண்ணட்டுமா?” என்று கேட்ட ஒரு பாட்டிக்கு அவருடைய பேத்தியே பதில் சொன்னாள்: “வேண்டாம் பாட்டி, கோணலா இருந்தாலும் அது எங்களோடது.”

எங்கள் குழு எடுத்தது கட்டமைப்புச் சிக்கல். பால்சா மரக் குச்சியும் பசையும் மட்டும் கொண்டு சிறு கோபுரம் கட்ட வேண்டும். மொத்த எடை இருபது கிராமைக்கூட எட்டாது. அதன்மேல் பளுதூக்கும் எடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். தேர்ந்த குழுக்களின் கோபுரங்கள் நூற்றுக்கணக்கான பவுண்டுகளைத் தாங்கும். நான் கட்டுமானப் பொறியியல் படித்தவன். முதல் மாதிரியைப் பார்த்ததுமே அது எங்கே ஒடியும் என்று தெரிந்தது. சொல்லவில்லை. ஒடிந்தது. பிள்ளைகள் துண்டுகளைக் குப்பைத்தொட்டியில் போடப் போனார்கள். “முதல்ல எது போச்சு?” என்று மட்டும் கேட்டேன்.

அந்தக் கேள்வி ஒரு குளிர்காலம் முழுவதும் வேலை செய்தது. துண்டுகளை மேசையில் பரப்பினார்கள். ஒட்டிய இடம் பிரிந்ததா, குச்சி நடுவில் வளைந்து முறிந்ததா என்று வாக்குவாதம். ஒருவன் அடுத்த சோதனையைக் கைபேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்தான். குச்சி வெளிப்புறம் பிதுங்கி முறிவது தெளிவாகத் தெரிந்தது. நீளக் குச்சி குட்டைக் குச்சியைவிட ஏன் சீக்கிரம் வளைகிறது என்று கேட்டார்கள். அது பொதுவான பாடம். ஒரு அளவுகோலை அழுத்திக் காட்டி விளக்கினேன். குறுக்குக் குச்சி கொடுத்து நீளத்தைத் துண்டாடலாம் என்பதை அவர்களே கண்டார்கள். மழை நாளில் கோபுரம் எடை கூடியபோது, பால்சா காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது என்றும் அவர்களே கண்டுபிடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கத் தொடங்கினார்கள். நான் முதல் நாளே சொல்லியிருந்தால் கோபுரம் சீக்கிரம் நின்றிருக்கும். ஒடிந்ததைப் படிக்கும் பழக்கம் வந்திருக்காது.

புதிதாக வருபவர்களுக்கு என் யோசனை: “ஏன் இப்படிச் செய்யக்கூடாது?” என்று கேட்காதீர்கள். கேள்வி வேடத்தில் வரும் விடை அது. “வேறென்ன வழி இருக்கு?”, “விதியில என்ன போட்டிருக்கு?” என்பவை நல்ல கேள்விகள். விதி புரியவில்லை என்றால் தலைமையகத்துக்கு எழுதி விளக்கம் கேட்க வழி இருக்கிறது. அந்தக் கடிதத்தையும் பிள்ளைகளே எழுதட்டும்.

சண்டை வரும். சத்தமாகப் பேசும் பிள்ளையின் யோசனையே ஜெயிக்கும். நான் கடைப்பிடிப்பது, முதல் பத்து நிமிடம் எல்லாரும் பேசாமல் தாளில் எழுதி நடுவில் வைப்பது. யார் எழுதியது என்று கேட்பதில்லை. ஒருமுறை அப்படிக் கிடைத்த தாளிலிருந்துதான், கோபுரத்தோடு சேர்த்து நாங்கள் மேடையேற்றிய நாடகத்தின் கதையே வந்தது. பின்னால்தான் தெரிந்தது, எழுதியவள் அதுவரை குழுவில் வாயே திறக்காதவள் என்று.

திடீர்ச் சிக்கலை ஒவ்வொரு கூட்டத்திலும் பழக்க வேண்டும். அலமாரியில் இருப்பதே போதும்: ஸ்பகெட்டி, காகிதம், ஒட்டுநாடா. முடிந்தபின் புள்ளியைவிட, யார் யாருடைய பேச்சைக் காதில் வாங்கினார்கள் என்று பேசுவது முக்கியம். போட்டி நாளில் அந்த அறைக்குள் பயிற்றுநருக்கு அனுமதி கிடையாது. வெளியே வந்தபின்னும், பருவம் முடியும்வரை உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் சொல்லக்கூடாது. கேட்டு நச்சரிக்காதீர்கள்.

வெற்றி மட்டும் அளவாகிவிடக் கூடாது என்பதற்காகவே ‘ரனாட்ரா ஃபஸ்கா’ என்றொரு விருது இருக்கிறது. துணிச்சலான, அபூர்வமான யோசனைக்கு அது. அதைப் பெற முதலிடம் வர வேண்டியதில்லை. குழு அமையும் நாளிலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

பயிற்றுநராக வாரம் தவறாமல் வர நேரமில்லை என்பவர்களுக்கும் இடமிருக்கிறது. போட்டிக்கு வரும் குழுக்கள் நடுவர்களைத் தர வேண்டும்; அவர்களுக்குத் தனிப் பயிற்சியும் உண்டு. பள்ளி திறந்ததும் உங்கள் பிள்ளையின் பள்ளியில் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள்.