கையெழுத்துப் போடுவதற்கு முன்

சிவகாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி மதினி போனில் பேசினார்கள். நீ மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு வரைகிறாய் என்றும், விடிய விடிய உன் அறையில் விளக்கு எரிகிறது என்றும் சொன்னார்கள். வேலையை விடப்போகிறாய் என்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நீயே சொல்லியிருக்கலாம் என்று முதலில் தோன்றியது. சரி, அத்தையிடம் சொன்னால் கேள்வி வரும் என்று நினைத்திருப்பாய். கேள்வி வரத்தான் செய்யும்.

நீ அனுப்பிய படக்கதைப் பக்கங்களைத் தாளில் அச்செடுத்துத்தான் பார்த்தேன். ஆச்சி வாசற்படியில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற அந்த இரண்டு பக்கத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் பசையில் தொட்டு எடுப்பது, இடது கட்டைவிரலால் தாளை அழுத்திக்கொண்டே பெட்டியைத் திருப்புவது, 144 சேர்ந்தவுடன் ஒரு குரோஸ் என்று சுவரில் கரிக்கோடு இழுப்பது, எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ பிறப்பதற்குள் ஆச்சி ஒட்டுகிற வேலையை விட்டுவிட்டாளே, இதை உனக்கு யார் சொன்னது? அண்ணனா? ஒரே ஒரு திருத்தம். அந்தக் காட்சி நடக்கிற வருஷம் ஆச்சி காதில் தோடு கிடையாது. ஏன் என்று உனக்குத் தெரியும். ஈர்க்குச்சிதான் செருகியிருந்தாள். அதை வரை.

கை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘பெர்செர்க்’ வரைந்த கெந்தாரோ மியூரா 2021-ல் 54 வயதில் போனபோது, கதை முடியவில்லையே அத்தை என்று என்னிடம் அழுதவள் நீ. ஜப்பானில் தொடர் வரைகிறவர்கள் எப்படித் தூக்கம் கெட்டு உழைக்கிறார்கள் என்று அன்றைக்கு நீதான் எனக்கு விளக்கினாய். அதே காரியத்தை நீ செய்யலாமா? ஆர்ட் ஸ்பீகல்மன் ‘மவுஸ்’ கதையை 1980-ல் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டார். முதல் பாகம் 1986-ல் புத்தகமானது. இரண்டாவது பாகம் வர 1991 ஆகிவிட்டது. அடுத்த வருஷம் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தார்கள். வருகிற தை மாதத்துக்குள் நீ முடித்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது உன் கதையைப் போடுகிறோம் என்கிற பதிப்பகத்தின் ஒப்பந்தத் தாள்தான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். உனக்கு வயது இருக்கிறது, கையில் கலை இருக்கிறது. ஒன்று மட்டும் கேள். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற இடத்தில், அந்த வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குச் சொந்தம் என்கிறது 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு. உன் கதை உன் வேலையில் சேராது, உண்மைதான். ஆனாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஆபீஸ் நேரத்தில் ஒரு கோடுகூட இழுக்காதே. நாளைக்குப் பேச்சு வர இடம் கொடுக்க வேண்டாம். அதோடு, மாதச் சம்பளம் வருகிறவரை யாருடைய முன்பணத்துக்கும் நீ அவசரப்பட வேண்டியதில்லை. அது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பார்.

இப்போது அந்த ஒப்பந்தம். நீ போட்டோ எடுத்து அனுப்பிய ஒன்பது பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். “காலவரம்பு இன்றி, உலகம் முழுவதும், இன்று உள்ளதும் இனி வரக்கூடியதுமான அனைத்து ஊடகங்களிலும்” என்று ஒரு வாசகம் இருக்கிறதே, அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாத்தா விஷயம் உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். தாத்தா ஒரு தொடர்கதைக்கு வாராவாரம் படம் வரைவார். இந்தியன் இங்க் காய்கிறவரை மேலே ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தது நான். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துச் சணல் கட்டி, மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் நான்தான். அங்கே பிளாக் எடுத்த பிறகு மூலப் படம் திரும்பி வரவே வராது. தாத்தா கார்டு போட்டுக் கேட்பார், பதில் இருக்காது. பிற்பாடு அந்தத் தொடர் புத்தகமாக வந்தது. அத்தனை படமும் உள்ளே இருந்தது, தாத்தா பெயர் எங்கேயும் இல்லை, ஒரு ரூபாயும் வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் தாத்தா பஸ் ஸ்டாண்டு கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். படைத்தவனுக்குத் தன் பெயரைக் கேட்கிற உரிமை உண்டு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் அது போகாது என்று அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. அன்றைக்கும் அந்தப் பிரிவு இருந்தது. தாத்தாவுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படம் எந்தக் காலண்டரில் வந்தாலும் தாத்தா முதலில் கீழ் மூலையைத்தான் பார்ப்பார். கையெழுத்து இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

தாத்தா ஒருவருக்கு மட்டும் நடந்ததா? 1972-ல் நம் ஊரிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது, தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே புத்தகத்தை முறை வைத்துப் படித்தோம். மாயாவியின் அந்தக் கையை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் அதை வெளியிட்ட பிரிட்டிஷ் வார இதழ்கள் அந்தக் காலத்தில் ஓவியர் பெயரே போடுவதில்லை. அப்புறம் சூப்பர்மேன். அதை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் 130 டாலருக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்தார்கள். கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கி, வயதான காலத்தில், 1975-ல்தான் ஆண்டுக்கு இருபதாயிரம் டாலர் பென்ஷனும் பெயரும் திரும்பக் கிடைத்தது. ஜாக் கிர்பி எத்தனையோ காமிக்ஸ் வீரர்களை உருவாக்கியவர். தான் வரைந்த மூலப் பக்கங்களைக் கேட்டு வருஷக்கணக்கில் போராடி, 1980-களின் கடைசியில் அதில் ஒரு பகுதியைத்தான் வாங்க முடிந்தது.

சட்டம் உன் பக்கம் நன்றாகவே நிற்கிறது பாப்பா. காப்புரிமையை எழுத்தில் கொடுத்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம். எந்த ஊர் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இன்னும் பிறக்காத ஊடகத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தால் ஒழியக் கொடுத்ததாக ஆகாது. 19-ஆம் பிரிவையும் 18-ஆம் பிரிவையும் நீயே படி. இப்போது அந்த வாசகத்தை மறுபடி பார். சட்டம் உனக்காக விட்டுவைத்த கதவு ஒவ்வொன்றையும் தேடித் தேடிச் சாத்தியிருக்கிறார்கள். சினிமா, வெப் சீரிஸ், மொழிபெயர்ப்பு, பொம்மை, எல்லாம் அதற்குள் போய்விடும். ஈர்க்குச்சி செருகிய காதோடு உட்கார்ந்திருக்கிற என் அம்மாவை நாளைக்கு எவனோ சினிமாவில் எப்படியோ காட்டுவான், நீ தியேட்டரில் டிக்கெட் எடுத்துப் பார்க்கவேண்டும். ஏழாவது பக்கத்தில் மூலப் படங்களையும் ஒப்படைக்கவேண்டும் என்று இருக்கிறது. நீ பென்சிலும் மையும் தாளில்தானே போடுகிறாய், வண்ணம் மட்டும்தானே ஐபேடில்? தாள் எதற்கு அவர்களுக்கு? கோட்டுப் படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணி, அச்சுக்கான பிடிஎஃப் மட்டும் கொடு. லேயர் பிரித்த ஃபைலையும் கொடுக்காதே.

முன்பணம் என்றதும் மனசு இளகுகிறது, எனக்கும் புரிகிறது. அது ராயல்டியில் கழிகிற பணம். விலை 600, ராயல்டி பத்து சதவீதம் என்றால் ஒரு பிரதிக்கு 60. ஆயிரம் பிரதி விற்று முடிந்தால் மொத்தமே அறுபதாயிரம். உன் இத்தனை வருஷ ராத்திரிக்கு அது. அவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லமாட்டேன். வட இந்தியாவிலும் வெளிநாட்டிலும் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களால் முடியும், உன்னாலும் என்னாலும் முடியாது. அதனால் போகவேண்டும் என்று நீ நினைத்தால் போ. புத்தகமாக அச்சிடுகிற உரிமை மட்டும், இத்தனை வருஷத்துக்கு என்று எழுதச் சொல். அச்சில் இல்லாமல் போனால் உரிமை உன்னிடம் திரும்ப வேண்டும். ஒரிஜித் சென் நர்மதையைப் பற்றி வரைந்த ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ 1994-ல் வந்தது. வெகுகாலம் கிடைக்காமலே இருந்து 2022-ல்தான் சென்னையின் பிளாஃப்ட் மறுபதிப்புப் போட்டது. நல்ல புத்தகத்துக்கு இரண்டாவது பிறவி வரும். அன்றைக்குச் சரி என்று சொல்கிற அதிகாரம் உன் கையில் இருக்கவேண்டும்.

இல்லை, நாமே போடலாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மர்ஜான் சத்ராபியின் ‘பெர்செபோலிஸ்’ முதலில் வந்தது, பாரிஸில் ஓவியர்களே கூடி 1990-ல் தொடங்கிய பதிப்பகத்தில்தான். முன்பதிவு வாங்கி அச்சடிப்பது இப்போது புதுசும் இல்லை. அச்சுக் கணக்கு எனக்கு அத்துப்படி. உன் 180 பக்கம் சரிப்படாது. 16 பக்கம் ஒரு பாரம். ஒன்று 176-ல் நிறுத்து, பதினொரு பாரம். இல்லை 192 வரைக்கும் போ. நான்கு வண்ணம் என்றால் ஒவ்வொரு பாரத்துக்கும் முன்னால் நாலு, பின்னால் நாலு, எட்டு பிளேட். 192 பக்கத்துக்கு 96. ஆச்சியின் பழைய காலத்தைக் கறுப்பு வெள்ளையிலும், உன் காலத்தை வண்ணத்திலும் வைத்து, வண்ணப் பக்கங்களைத் தனிப் பாரங்களாகச் சேர்த்துவிட்டால் செலவு நன்றாகக் குறையும். கதைக்கும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ராத்திரிக் காட்சியில் பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்திருக்கிறாய். மேப்லித்தோ தாளில் அத்தனை மை காயாது, எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். கறுப்புக்கு அடியில் மற்ற மூன்று வண்ணத்தையும் குறைத்துப் போடு. பைண்டிங்கில் காசு பார்க்காதே, தைத்துத்தான் ஒட்டவேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்த படத்தை விரித்துப் பார்த்தால் வெறும் பசை பைண்டிங் நடுவில் விழுங்கிவிடும். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு போனாலும் 600-ல் 360 உன் கைக்கு வரும். அதிலிருந்து அச்சுக் கூலியைக் கழித்துக்கொள். நந்தனம் புத்தகக் காட்சியில் நீயே நின்று விற்றால் கழிவும் மிச்சம்.

இரண்டு வழியும் எதிரில் வைத்துவிட்டேன், எதில் போனாலும் எனக்குச் சம்மதம். வக்கீலிடம் காட்டாமல் மட்டும் கையெழுத்துப் போடாதே. ஃபீஸ் நான் கொடுக்கிறேன். அண்ணனிடம் சொல்லவேண்டாம்.

நிறைய எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நம் வீட்டில் இவ்வளவு பெரிய காரியத்தை யாரும் கையில் எடுத்ததில்லை. தாத்தா இருந்தால் உன் பக்கங்களை நடுக்கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு யாரையும் மிதிக்க விடமாட்டார். உன் கோடு தாத்தாவின் கோட்டைவிட நன்றாக இருக்கிறது, இதை நான் வேறு யாரிடமும் சொல்லமாட்டேன். வியாழக்கிழமை அண்ணன் வரும்போது சாத்தூர் சேவு இரண்டு கிலோவும், கைக்குத் தைலமும் கொடுத்துவிடுகிறேன். தைலத்தைச் சூடு பண்ணித் தேய். புத்தகம் வந்ததும் எனக்கு ஐம்பது பிரதி எடுத்து வை, பிரஸ்ஸில் என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கழிவெல்லாம் வேண்டாம், முழு விலை போட்டு ரசீது அனுப்பு.

என்றும் உன் மேல் உயிராக இருக்கும்
அத்தை