அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினாலும் வாரண்டு வாரண்டுதான்

திருட்டு வழக்கில் வாய்தாவுக்குப் போகாமல் விட்டவருக்கு மத்தூர், போச்சம்பள்ளிப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் யோசனை, “மூணு வருஷம் பெங்களூர் பக்கம் போய் இரு, கேஸ் தானா செத்துடும்” என்பது. அந்த மூன்று வருடக் கணக்கு வெறும் கற்பனையில்லை. ஓராண்டுக்கு மேல், மூன்று ஆண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனையுள்ள குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மூன்று ஆண்டு கெடு உண்டு. சாதாரணத் திருட்டும் அந்த வகைதான். ஆனால் வழக்கைக் கோப்பில் எடுத்த பிறகு அந்தக் கெடுவுக்கு வேலையில்லை. பிடிவாரண்டோ, ஆளைப் பிடிக்கும்வரை அல்லது பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யும்வரை உயிரோடிருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 70(2), 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72(2) இரண்டும் சொல்வது இதையே. மாநில எல்லையும் அதைத் தடுக்காது; வாரண்டை இந்தியாவில் எங்கும் நிறைவேற்றலாம். பொருளைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானமாகிவிட்டாலும், அது நீதிமன்றத்தில் பதிவாகாதவரை வாரண்டு அப்படியே இருக்கும். ஒளிந்திருப்பவரை நீதிமன்றம் பிரகடனம் செய்து வரச்சொல்லி, அதன்பிறகும் வராவிட்டால் அதுவே தனிக் குற்றம். அதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை, அதாவது திருட்டுக்கு உள்ள அதே அளவு!

“நானே போய் நின்றால் உள்ளே தள்ளிவிடுவார்களே” என்ற பயத்தை அலட்சியமாக ஒதுக்க முடியாது. ரிமாண்டு செய்ய மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, சில நேரம் செய்யவும் செய்வார். ஆனாலும் பிடிபடுவதற்கு முன் மனுப் போடுவதும் பிடிபட்டு நிற்பதும் ஒன்றல்ல. சதேந்தர் குமார் அண்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் வகுத்து 2022-இல் உறுதிசெய்த நெறி இதைத் தெளிவாக்குகிறது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், புலன்விசாரணையின்போது கைதாகாமல் ஒத்துழைத்தவர், வாரண்டு நிறைவேறும் முன் மனுச் செய்து அடுத்த வாய்தாவுக்கு வருவதாக உறுதியளித்தால், ஆள் நேரில் வராமலேயே அதை ரத்து செய்யலாம், அல்லது சம்மனாக மாற்றலாம். ஏற்கெனவே கைதாகி ஜாமீனில் வந்தவருக்கு இந்தச் சலுகை நேரடியாகப் பொருந்தாது. அவர் வக்கீலோடு ஆஜராகி, வராமல்போன காரணத்தை ஆதாரத்தோடு காட்டி, வாரண்டைத் திரும்பப் பெறும் ‘ரீகால்’ கேட்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அது அங்கே பேசும். வாடகை வீடு மாறியதால் சம்மன் பழைய முகவரிக்குப் போயிருந்தால் அதையும் சொல்லலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதும் நியாயமான மறுப்பே. ஆனால் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர்களின் பட்டியலில் ஆலைத் தொழிலாளியையும் சேர்த்திருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்டுக்குப் போகிறவர், கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். அதற்கு முன், வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.