காளி பெயரில் ஒரு கொலைக் கதை

இந்த மாதப் பாடம் ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். படிவம் நான்கு படிக்கும் ஒரு தங்கை தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணே, காளியம்மாவைக் கும்பிடுறவங்க லட்சக்கணக்கான பேரைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னாங்களாமே, உண்மையா? ஸ்கூல்ல ஒரு படத்தைப் பத்திப் பேசினப்போ எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்தாங்க. வெட்கமாப் போச்சு" என்றார்.

பக்கத்தில் நின்ற தம்பி சும்மா இருக்கவில்லை. "இதுல என்ன வெட்கம்? கெத்துதானே! வெள்ளைக்காரனே நடுங்கியிருக்கான்!"

ஒரே கதை. ஒருவருக்கு வெட்கம், இன்னொருவருக்குப் பெருமை. இருவருமே கதையை முழுசாகக் கேட்டதில்லை. அன்று என்னாலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். படித்ததை இங்கே உங்களோடும் பகிர்கிறேன்.

1. நடந்தது என்ன?

ஆங்கிலத்தில் ரௌடியைக் குறிக்கும் 'தக்' என்ற சொல் இந்தியச் சொல்தான். இந்தியில் அதற்கு ஏமாற்றுக்காரன் என்று பொருள். தமிழ் வரலாற்றுப் புத்தகங்கள் இவர்களைத் 'தக்கர்கள்' என்று குறிப்பிடுகின்றன.

ரயில் வராத காலம் அது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் மக்கள் வாரக்கணக்கில் நடந்தே பயணம் போனார்கள். தனியாகப் போக பயம். வழியில் ஒரு கூட்டம் நல்லவர்கள் போல் வந்து சேரும். கூடவே நடப்பார்கள், கூடவே சமைத்துச் சாப்பிடுவார்கள். நம்பிக்கை வந்த பிறகு, ஆள் இல்லாத இடத்தில் தலைவன் ஒரு சாதாரண வார்த்தையைச் சொல்வான். அதுதான் சைகை. பின்னால் இருப்பவன் துணியால் கழுத்தை இறுக்குவான். உடலைப் புதைத்துவிட்டு, பொருளைப் பங்கு போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

செத்தவர்கள் யார்? விடுப்பில் சம்பளப் பணத்தோடு வீட்டுக்குப் போன சிப்பாய்கள், வியாபாரிகள், பணம் சுமந்து போன ஆட்கள், யாத்திரை போனவர்கள். 1810-லேயே கம்பெனி ராணுவத்தில், விடுப்பில் போகும் சிப்பாய்களை எச்சரித்து ஓர் உத்தரவு வந்திருக்கிறது.

ஆகவே தங்கையின் கேள்விக்கு முதல் பதில் இது. கொலைகள் நடந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830-களில் இந்தக் கூட்டங்களைப் பிடித்தார். பிடிபட்ட ஃபிரங்கியா என்ற தலைவன், ஸ்லீமனின் கூடாரம் அடித்திருந்த தோப்பையே காட்டி, இங்கேதான் புதைத்தோம் என்றான். தோண்டிப் பார்த்தபோது எலும்புகள் கிடைத்தன.

நூற்றுக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள். இன்னும் நூற்றுக்கணக்கானோர் கடல் கடந்து நாடு கடத்தப்பட்டார்கள். எங்கே தெரியுமா? அதில் ஒரு முக்கியமான இடம் நம் பினாங்கு. இந்தக் கதையின் ஒரு துண்டு நம் கரையிலேயே ஒதுங்கியிருக்கிறது.

2. கொள்ளைக் கூட்டம் 'காளி மதம்' ஆனது எப்படி?

இங்கேதான் கவனம் வேண்டும். 1830-இல் ஸ்லீமன் தன் பெயரைப் போடாமல் ஒரு கல்கத்தா பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விந்தியாசலத்துத் தேவி கோவிலை இந்தக் கொலைகளோடு சேர்த்துப் பேசியது அந்தக் கடிதம். இது சாதாரணத் திருட்டு அல்ல, இந்தியா முழுதும் பரவிய ஒரு மதச் சதி என்ற எண்ணம் அப்போதிலிருந்து வலுத்தது.

அவருக்குச் சாட்சி சொன்னவர்கள் யார்? பிடிபட்ட தக்கர்களே. மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தால் தூக்கு இல்லை என்பது பேரம். கயிற்றுக்குத் தப்பிக்க நினைக்கும் ஒருவனிடம் ஓர் அதிகாரி திரும்பத் திரும்பத் தேவியைப் பற்றியே கேட்டால் அவன் என்ன பேசுவான்? தேவியைப் பற்றித்தான் பேசுவான். கொலைப் பழியையும் அவள் தலையில் போட்டுவிடலாமே! அந்த விசாரணைப் பேச்சுகள் 1836-இல் 'ராமசீயானா' என்ற நூலாக வந்தன.

அதே 1836-இல் ஒரு சட்டமும் வந்தது. குறிப்பிட்ட ஒரு கொலையைச் செய்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டினாலே ஆயுள் தண்டனை. 'இவர்கள் ஒரு கொலைகார மதம்' என்ற கதை இப்படிப்பட்ட சட்டத்துக்கு எவ்வளவு வசதி பாருங்கள்!

அவர்கள் பூசை செய்ததே பொய்யா? இல்லை, செய்தார்கள். குழி தோண்டும் கருவியை வணங்கினார்கள். சகுனம் பார்த்தார்கள். கொலைக்குப் பின் வெல்லம் படைத்துப் பகிர்ந்து தின்றார்கள். வெளியிலிருந்து பார்த்த அதிகாரிக்கு இது பயங்கர ரகசியச் சடங்காகத் தெரிந்தது. ஆனால் நாம் யோசிப்போம். ஆயுத பூசைக்கு நம் வீட்டில் என்ன செய்கிறோம்? அப்பாவின் லாரிக்கும் அம்மாவின் தையல் இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கிறோம். அன்றைய இந்தியாவில் விவசாயி கலப்பையை வணங்கினான், சிப்பாய் வாளை வணங்கினான். திருடனும் தன் கருவியை வணங்கினான். தொழில் தொடங்கும்முன் சாமி கும்பிடுவது எல்லாருக்கும் பொதுவான பழக்கம். சாமி கும்பிட்டுவிட்டுத் திருடப் போனான் என்பதும், சாமி சொன்னதால் திருடப் போனான் என்பதும் ஒன்றல்ல.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒரே கூட்டத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே இருந்தார்கள். அவர்களைச் சேர்த்தது பணம். இரண்டு, பெண்களைக் கொல்லக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. ஆனால் நகையும் பணமும் கண்ணில் பட்டபோது அந்த விதியை மீறிப் பெண்களையும் கொன்றதாக அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பக்திதான் காரணம் என்றால் விதியை ஏன் மீறினார்கள்?

கிம் வாக்னர் போன்ற பிற்கால வரலாற்று ஆய்வாளர்களும் பழைய ஆவணங்களை அலசிவிட்டு இதையே சொல்கிறார்கள். கொள்ளையும் கொலையும் நிஜம். 'காளிக்காகக் கொல்லும் தனி மதம்' என்ற படம் பெரும்பாலும் மேலே பூசிய சாயம்.

3. இருநூறு வருடமாக ஏன் விடவில்லை?

1839-இல் பிலிப் மெடோஸ் டெய்லர் என்ற அதிகாரி, ஒரு தக்கன் தன் கதையைத் தானே சொல்வது போல ஒரு நாவல் எழுதினார். லண்டனில் பரபரப்பாக விற்றது. விக்டோரியா ராணியும் அதை ஆவலோடு படித்தார். பிரெஞ்சு நாவலில் ஒரு தக்கன் வந்தான். 1939-இல் 'கங்கா தின்', 1959-இல் 'ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே', 1984-இல் இண்டியானா ஜோன்ஸ் படம். தங்கையின் வகுப்பில் பேசப்பட்டது இந்தக் கடைசிப் படம்தான். உயிரோடு இதயத்தைப் பிடுங்குவதாக அதில் ஒரு காட்சி வரும். தக்கர்கள் அப்படி எதையும் செய்ததாக ஸ்லீமன்கூட எழுதவில்லை! இந்திய அரசு கதையை ஆட்சேபித்ததால், வெளிப்புறக் காட்சிகளை இலங்கையில் போய் எடுத்தார்கள்.

எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. பெஹ்ராம் என்பவன் 931 பேரைக் கொன்றான் என்று சாதனைப் புத்தகம் வரை ஏறிவிட்டது. மூல ஆவணத்தில் அவன் சொன்னது வேறு. அத்தனை கொலைகள் நடந்த கூட்டங்களில் தான் இருந்ததாகவும், தன் கையால் நெரித்தது சுமார் 125 பேர் என்றும்தான் சொன்னான். 125-ம் கொடூரம்தான். ஆனால் கதைக்கு 125 போதவில்லை. 1933-இல் ஸ்லீமனின் பேரன் எழுதிய நூலின் தலைப்பிலேயே பத்து லட்சம் கொலைகள் வந்துவிட்டன.

ஏன் இந்த ஆசை? எனக்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, கூட உட்கார்ந்து சாப்பிட்டவனே கொல்கிறான் என்ற பயம். அந்தப் பயம் எல்லா மனிதருக்கும் உண்டு. இரண்டாவது, ரகசியத்தின் ருசி. தனிப் பாஷை, சைகை, சடங்கு எல்லாம் இருந்தால் கொள்ளைக்காரன்கூட ஹீரோ மாதிரி ஆகிவிடுகிறான். மூன்றாவதுதான் முக்கியம். இந்தக் கதை கேட்பவனுக்கு நிம்மதி தருகிறது. பணத்துக்காகக் கொன்றான் என்றால், பணத்தாசை என்னிடமும் இருக்கிறதே என்று உறுத்தும். 'அவன் சாமி சொல்லிக் கொன்றான்' என்றால் உறுத்தல் இல்லை. அவன் வேறு ஜாதி மனிதன், நான் வேறு என்று தூங்கப் போகலாம்.

4. கதை செய்த கேடு

கதைதானே, போகட்டும் என்று விட முடியுமா? தக்கர் வேட்டையில் ஊறிய ஓர் எண்ணம், குற்றம் ரத்தத்தில் வருகிறது, அப்பன் திருடன் என்றால் பிள்ளையும் திருடன் என்பது. அந்த எண்ணம் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக வந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர் சமூகத்தினர், ஒரு தப்பும் செய்யாதவர்கள்கூட, கைரேகை வைக்கவும் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் இதை எதிர்த்து நின்றபோது போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். பிறப்பை வைத்து மனிதனைக் குற்றவாளி ஆக்கும் கதை கடைசியில் போய் நிற்கும் இடம் இதுதான்.

5. நமக்கு என்ன பாடம்?

தங்கைக்கு: நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, கோபப்படவும் வேண்டியதில்லை. அடுத்த முறை யாராவது கேட்டால் நிதானமாகச் சொல்லுங்கள். "ஆமா, கொலை நடந்துச்சு. கொன்னவங்க கொள்ளைக்காரங்க. சாமியும் கும்பிட்டாங்க. ஆனா எங்க அம்மன் கேட்டு அவங்க செய்யல." தேவி மகாத்மியத்தில் அன்னை ஆயுதம் எடுப்பது உலகை வதைத்த அசுரர்களுக்கு எதிராக. வழிப்போக்கனின் மடியில் இருக்கும் காசுக்காக அல்ல.

தம்பிக்கு: உனக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் நடுங்கினான் என்றாய். செத்தவர்களில் வெள்ளைக்காரனைத் தேடிப் பார், கிடைப்பது அரிது. செத்தது நம்மைப் போன்றவர்கள். பல மாதச் சம்பளத்தை இடுப்பில் முடிந்துகொண்டு ஊருக்குப் போன ஒரு சிப்பாய். அவன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய். உடலே கிடைக்காததால், செத்தானா ஓடிப்போனானா என்று தெரியாமல், கருமாதிகூடச் செய்ய முடியாமல் போன குடும்பங்கள் எத்தனையோ! கொன்றவர்களின் பெயர் நாவலில் இருக்கிறது, சினிமாவில் இருக்கிறது. அந்தத் தாயின் பெயர் எங்கேயும் இல்லை.

நம் ஊரிலும் குண்டர் கும்பலில் சேரும் சில பையன்கள் கையில் காளி உருவத்தைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். சண்டைக்குப் போகும்முன் அம்மன் கோவிலில் சூடம் காட்டுகிறார்கள். சூடம் காட்டியதால் அது சாமி காரியம் ஆகிவிடுமா? இருநூறு வருடத்துக்கு முன் வெல்லம் படைத்தவனும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டான். அம்மன் பெயரைச் சொல்லித் தப்பு செய்பவன், அவளைப் பழிக்கும் படத்துக்குத் தானே கதை எழுதிக் கொடுக்கிறான்.

கலந்துரையாடலுக்கு

1. ஒரு பயங்கரக் கதையைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியவை: யார் சொன்னது? யாரிடம், என்ன நிலையில் சொன்னது? அதனால் யாருக்கு லாபம்? நீங்கள் அண்மையில் பகிர்ந்த ஒரு காணொளியை இந்தக் கேள்விகளால் சோதித்துப் பாருங்கள்.

2. வேறொரு மதத்தைப் பற்றி இதே மாதிரிக் கதை வந்தால், நமக்குக் கேட்கும் இதே நியாயத்தை அவர்களுக்கும் கொடுப்போமா?

3. கொலை வழக்குகளைப் பற்றிய தொடர்களில் கொன்றவன் பெயர் நினைவிருக்கிறது. இறந்தவர் பெயர் நினைவிருக்கிறதா?

இந்த வார வழிபாட்டில் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வழிகளில் வீடு திரும்பாமல் போனவர்களுக்காக ஒரு விளக்கு ஏற்றுங்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அம்மனுக்குத் தெரியும்.