சோலார் லைட்டு விட்டு விட்டு எரியுதா? பேட்டரிக்குக் கடன் கேட்கும் முன் இதைப் பாருங்க!



மடவார் வளாகம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். உறுப்பினர் அக்கா ஒருவர் உள்கடன் கேட்டார். "சோலார் லைட்டு மினுக்கு மினுக்குனு எரியுது. பிள்ளை படிக்க முடியல. ரிப்பேர் பார்க்க வந்தவர் பேட்டரி போச்சு, புதுசுதான் வாங்கணும்னு சொல்லிட்டார்" என்றார். புது பேட்டரி என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. கூட்டம் முடிந்ததும் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. ஒயர் மாட்டிய கிளாம்ப் தொட்டாலே ஆடியது. சுத்தம் செய்து முறுக்கினோம். லைட்டு நின்னு எரிஞ்சது. கடனுக்கு வேலையே இல்லை!

நமது மாநிலத்தில் 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்குகள் தரப்பட்டன. சொந்தமாக வாங்கி மாட்டியவர்களும் உண்டு. விளக்கு வந்தது, அதைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம்தான் நமக்கு வரவில்லை. அதை இன்று கற்றுக்கொள்வோம்.

சோலாரும் ஒரு சேமிப்புக் கணக்கு

பேனல், வெயிலில் சம்பாதிக்கும். பேட்டரி, அதைச் சேமிக்கும். சார்ஜ் கண்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டிதான் பொருளாளர். பேட்டரி நிறைந்தால் போதும் என்று நிறுத்தும். இருப்பு ரொம்பக் குறைந்தால் லைட்டுக்குக் கொடுக்காது. பகலில் போட்டதைத்தான் இரவில் எடுக்க முடியும்.

எப்படி மினுக்குது என்று கவனியுங்கள்

1. ஒரு லைட்டு மட்டும் மினுக்கினால்: அந்த பல்பைக் கழற்றி, நன்றாக எரியும் இடத்தில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் மினுக்கினால் பல்புதான் கோளாறு. அங்கே நன்றாக எரிந்தால் பழைய இடத்து ஹோல்டர், சுவிட்ச், ஒயர் இவற்றில் ஏதோ லூஸ். புது பல்பு வாங்கும்போது 12 வோல்ட் டிசி பல்பு என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் லைட்டுக்கான 230 வோல்ட் பல்பு இதில் எரியாது.

2. எல்லா லைட்டும் படபடவென்று மினுக்கினால்: பேட்டரி முனை, கண்ட்ரோலரில் ஒயர் மாட்டும் இடம், ஃபியூஸ் இவற்றில் லூஸ் அல்லது பூப்பு இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

3. அணைந்து, சற்று நேரத்தில் தானாக எரிந்து, மறுபடி அணைந்தால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை. கண்ட்ரோலர் நிறுத்தியதும் பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கி ஏறும். உடனே லைட்டு எரியும். மறுபடி இறங்கும். பொருளாளர் கொடுப்பதும் நிறுத்துவதுமாகத் தவிக்கிறார்!

4. செல்போன் சார்ஜ் போடும்போதோ, ஃபேன் போடும்போதோ மட்டும் மங்கினால்: தாங்கும் அளவுக்கு மேல் சுமை. அல்லது ஒயர் ரொம்ப நீளமாக, மெல்லிசாக இருக்கும்.

சார்ஜ் ஏன் ஏறவில்லை?

பேனலைப் பாருங்கள். ராஜபாளையம் பக்கம் மில்லை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் தூசி படியும். காக்கை எச்சம், தென்னை ஓலை நிழல் இவையும் கெடுக்கும். பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் சார்ஜ் வெகுவாகக் குறையும். வெயில் ஏறும் முன் வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடையுங்கள். சாம்பல், தேங்காய் நார் கூடாது. பேனல் தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நமக்கு மேற்கே மலை. மலையை ஒட்டிய ஊர்களில் சாயங்கால வெயில் சீக்கிரம் மறையும். அதனால் காலையிலும் மதியத்திலும் நிழல் படாமல் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சார்ஜ் குறைவது இயல்பு. அந்த நாட்களில் இரண்டு லைட்டோடு நிறுத்துங்கள்.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் தண்ணீர் அளவைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், கோடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர், குடிதண்ணீர் ஊற்றினால் பேட்டரி கெடும். ஆசிட் ஊற்றவே கூடாது.

முனையைச் சுத்தம் செய்யும் முறை

- வளையல், தாலிச் சங்கிலியைச் சேலைக்குள் பத்திரப்படுத்துங்கள். இரண்டு முனையிலும் உலோகம் பட்டால் தீப்பொறி பறக்கும், கை வெந்துவிடும்.
- பேட்டரி பக்கத்தில் தீக்குச்சி, மண்ணெண்ணெய் விளக்கு கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக் கூடியது.
- லைட்டுகளை அணையுங்கள். கண்ட்ரோலரில் பேனல் ஒயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள். பிறகு பேட்டரியின் கழித்தல் முனை, அடுத்து கூட்டல் முனை.
- ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். உள்ளே ஒரு சொட்டும் போகக் கூடாது.
- காய்ந்ததும் முதலில் கூட்டல், பிறகு கழித்தல் மாட்டி ஸ்பேனரால் முறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். பேனல் ஒயர் கடைசியில்.
- ஆசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
- இபி லைன் வேலை நம் வேலை இல்லை. அதைத் தொடாதீர்கள்.

பேட்டரி நிஜமாகவே போச்சா?

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். கூட்டமைப்புக்கு ஒன்று வாங்கி வைத்தால் எல்லாக் குழுக்களும் பயன்படுத்தலாம். நல்ல வெயிலடித்த நாளில், இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, லைட்டு போடாமல் அளந்து பாருங்கள். 12.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதி இருப்பு. பேனல், ஒயர், தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தும் அளவு ஏறாவிட்டால், அல்லது லைட்டு போட்ட கொஞ்ச நேரத்திலேயே 11.5-க்குக் கீழே விழுந்தால், பேட்டரியின் ஆயுள் முடிந்தது. அப்போது கடன் கேளுங்கள், தப்பில்லை. பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஈயம். வீட்டில் உடைக்கக் கூடாது.

"கரண்ட் வேலை ஆம்பளைங்க வேலை" என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தானில் திலோனியா கிராமத்தில் உள்ள பேர்ஃபுட் காலேஜில், பள்ளிக்கூடமே போகாத பாட்டிமார்கள் ஆறு மாதப் பயிற்சியில் சோலார் விளக்குகளை மாட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து கற்றுப் போனார்கள். கணக்கு நோட்டு எழுதும் நமக்கு இது முடியாதா?

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு:

- நம் குழுவில் எத்தனை வீட்டில் சோலார் லைட்டு எரியாமல் கிடக்கிறது?
- மாதம் ஒருமுறை முனையும் தண்ணீரும் பார்க்கும் பொறுப்பை எந்த இரண்டு பேர் எடுத்துக்கொள்வது?
- மல்டிமீட்டரும் ஸ்பேனரும் வாங்கத் தீர்மானம் போடலாமா?