சார்பகா எண்களும் வகுபடும் தன்மையும்

ஓர் எண் 2-ஆலும் 3-ஆலும் மீதியின்றி வகுபடுமாயின், அது 6-ஆலும் வகுபடும் என்பதை மாணாக்கர் அறிவர். இதனைக் கொண்டு, 4-ஆலும் 6-ஆலும் வகுபடும் எண் 24-ஆலும் வகுபடும் என்று அவர்கள் துணிவதுண்டு. அது பொருந்தாது. நாற்றுப் பண்ணையொன்றில் 36 கன்றுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றை நான்கு நான்காகவும் கட்டலாம். ஆறு ஆறாகவும் கட்டலாம். ஆயினும், 24 கன்றுகள் கொள்ளும் பெட்டிகளில் அடுக்கினால், ஒரு பெட்டி நிரம்பியபின் 12 கன்றுகள் எஞ்சும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத இரண்டு முழு எண்கள் சார்பகா எண்கள் எனப்படும். 2, 3 என்பன அத்தகையவை. 8, 9 என்பன தனித்தனியே பகா எண்கள் அல்லவாயினும், ஒன்றுக்கொன்று சார்பகா எண்களே. 4-க்கும் 6-க்கும் 2 பொதுக் காரணியாதலின், அவை சார்பகா எண்கள் அல்ல. ஓர் எண் சார்பகா எண்கள் இரண்டினாலும் வகுபடின், அவற்றின் பெருக்கற்பலனாலும் வகுபடும் என்பதே விதி.

இதனை 8, 9 ஆகியவற்றைக் கொண்டு நிறுவிக் காட்டலாம். கொடுத்த எண் அவ்விரண்டாலும் வகுபடுகிறது என்க. அது 8-இன் மடங்காதலின், அதனை 9-ஆல் பெருக்கி வருவது 72-ஆல் வகுபடும். அது 9-இன் மடங்காதலின், அதனை 8-ஆல் பெருக்கி வருவதும் 72-ஆல் வகுபடும். இவ்விரு பெருக்கற்பலன்களின் வேறுபாடு கொடுத்த எண்ணேயாகும். ஆகவே அவ்வெண் 72-ஆல் வகுபடும்.

இந்நிறுவலுக்கு அடிப்படை 9 − 8 = 1 என்பதாகும். சார்பகா எண்கள் எவற்றிற்கும் இவ்வாறு ஒன்றே வேறுபடும் மடங்குகள் உண்டு; 5, 7 ஆயின், 3 × 5 − 2 × 7 = 1. அவற்றைக் கொண்டு விதியை முன்போலவே நிறுவலாம். 4, 6 ஆகியவற்றின் மடங்குகளோ யாவும் இரட்டை எண்கள். அவற்றின் வேறுபாடு ஒருபோதும் 1 ஆகாது. வேண்டிய மடங்குகளைக் காணும் குட்டகம் என்னும் முறையை, கி.பி. 499-ஐ ஒட்டி இயற்றப்பட்ட ஆரியபடீயத்தில் ஆரியபட்டர் கூறியுள்ளார்.

ஆதலின், ஓர் எண் 72-ஆல் வகுபடுமா என்று சோதிக்க 6, 12 ஆகியவற்றைக் கொள்ளலாகாது. 180 அவ்விரண்டாலும் வகுபடும், 72-ஆல் வகுபடாது. 8, 9 ஆகியவற்றையே கொள்க. 5,832 என்னும் எண்ணின் இறுதி மூன்று இலக்கங்களாலாகிய 832 என்பது 8-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகையாகிய 18 என்பது 9-ஆல் வகுபடும். எனவே 5,832 என்பது 72-ஆல் வகுபடும், ஈவு 81.

பயிற்சி

1. 7,425 என்பது 45-ஆல் வகுபடுமா? வகுத்துப் பாராமல் விடை கூறுக.

2. 4-ஆலும் 10-ஆலும் வகுபட்டு, 40-ஆல் வகுபடாத எண் ஒன்று தருக. காரணமும் கூறுக.